நேரலைக்கு முன் வன்பொருள் என்கோடரின் நெட்வொர்க் அமைப்பைச் சரிசெய்யும் முறை

கேமராவிலிருந்து எச்டிஎம்ஐ அல்லது எஸ்டிஐ கேபிள் வழியாக வரும் படத்தைச் சுருக்கி இணையத்துக்கு அனுப்புவதே வன்பொருள் என்கோடரின் வேலை. நேரலை நடுவில் அறுந்துவிட்டால் பழி பெரும்பாலும் அந்தப் பெட்டியின் மீதுதான் விழுகிறது. ஆனால் பெட்டியிலிருந்து சர்வர் வரையுள்ள பாதையைச் சோதிக்காமல் விட்டதே பல நேரங்களில் உண்மையான காரணம். ஆகவே படத்தின் தரத்தைத் தொடுவதற்கு முன் நெட்வொர்க்கை ஒழுங்குபடுத்திவிட வேண்டும்.

முதலில் அளக்க வேண்டியது அப்லோட் வேகம். டவுன்லோட் வேகத்தால் இங்கே பயனில்லை. என்கோடரில் செருகப்போகும் அதே கேபிளில் மடிக்கணினியை இணைத்து, நிகழ்ச்சி நடக்கும் அதே நேரத்தில் சில முறை அளந்து, கிடைத்தவற்றில் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கு மேல் செலவிடாமல் இருப்பது நல்லது. உதாரணமாக, குறைந்தபட்ச வேகம் 12 எம்பிபிஎஸ் (12,000 கேபிபிஎஸ்) என்றால், படத்துக்கு 5500 கேபிபிஎஸ், ஒலிக்கு 128 கேபிபிஎஸ் என்று வைக்கலாம். 1080பி படத்துக்கு இது பொதுவாகப் போதும். பிட்ரேட் (விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவு) முறையை மாறாத வீதத்திலும், கீஃபிரேம் (முழுப் படமாக அனுப்பப்படும் ஃபிரேம்) இடைவெளியை யூடியூப் பரிந்துரைக்கும் 2 விநாடியிலும் வையுங்கள். வேகச் சோதனை சில விநாடிகளில் முடிந்துவிடுவதால் அதை மட்டும் நம்பாமல், பொதுவில் தெரியாத நேரலை ஒன்றை அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். அரங்கின் வைஃபையில் விருந்தினர்களின் கைபேசிகளும் இணைந்திருந்தால், அவை படங்களைக் காப்பெடுக்கத் தொடங்கும் நேரத்தில் உங்கள் அப்லோட் சுருங்கிவிடும். எனவே என்கோடருக்குத் தனி இணைப்புக் கேளுங்கள், அது இயலாவிட்டால் ரவுட்டரில் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். என்கோடரைக் கேபிளில்தான் இணைக்க வேண்டும். ஈதர்நெட் கேபிள் ஒரே ஓட்டமாக 100 மீட்டர் வரை போகலாம்.

அடுத்தது ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் என்கோடரை அடையாளம் காட்டும் எண். டிஎச்சிபியை (ரவுட்டர் தானாக முகவரி வழங்கும் முறை) அணைத்துவிட்டுப் பெட்டிக்குள்ளேயே நிலையான முகவரியை எழுதிவைக்கும் பழக்கம் பலரிடம் உள்ளது. ரவுட்டர் உங்கள் கையில் இருந்தால் அதைவிட, என்கோடரின் மேக் முகவரிக்கு (பெட்டிக்கென்றே உள்ள வன்பொருள் எண்) ரவுட்டரிலேயே ஒரு முகவரியை ஒதுக்கிவைப்பதுதான் மேல். பெட்டியை வேறு அரங்குக்குக் கொண்டுபோனாலும் பழைய முகவரி அதில் ஒட்டிக்கொண்டு தொல்லை தராது. கையால் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், டிஎச்சிபி பகிரும் வரம்புக்கு வெளியே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள்: ரவுட்டர் 192.168.1.1 ஆக இருந்து, அது கடைசி எண்ணாக 100 முதல் 199 வரை பகிர்கிறது என்றால், என்கோடருக்கு 192.168.1.50, சப்நெட் மாஸ்க் (உள்ளூர் நெட்வொர்க்கின் எல்லையைக் காட்டும் எண்) 255.255.255.0, கேட்வே (வெளியே போகும் வழியான ரவுட்டர்) 192.168.1.1, டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சர்வர்) 8.8.8.8 என்று கொடுக்கலாம். கேட்வே அல்லது டிஎன்எஸ் தவறாக இருந்தால், அமைப்புப் பக்கம் உள்ளூர் கணினியில் ஒழுங்காகத் திறக்கும், நேரலை மட்டும் வெளியே போகாது. முகவரி 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி பதில் கொடுக்கவில்லை என்று பொருள். முதலில் கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள்.

யூடியூப் போன்ற தளங்களுக்கு அனுப்பும்போது ஆர்டிஎம்பி என்ற நேரலை அனுப்பும் நெறிமுறை வழக்கமாக டிசிபி 1935 போர்ட்டையும் (தரவு போகும் எண்ணிட்ட வாயில்), அதன் குறியாக்கப்பட்ட வடிவமான ஆர்டிஎம்பிஎஸ் 443 போர்ட்டையும் பயன்படுத்துகின்றன. அலுவலக ஃபயர்வால் (பாதுகாப்பு வடிகட்டி) 1935ஐத் தடுத்தாலும் 443ஐ அநேகமாக விட்டுவைக்கும் என்பதால், பெட்டி அனுமதித்தால் ஆர்டிஎம்பிஎஸ்ஸையே தேர்ந்தெடுங்கள். பெட்டியின் கடிகாரம் தவறாக இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பு தோற்று இணைப்பு நிராகரிக்கப்படலாம். ஆகவே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சர்வரையும் மறக்காமல் அமையுங்கள். இந்த இணைப்பு உள்ளிருந்து வெளியே போவது. அதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளேயுள்ள கருவிக்குத் திருப்புதல்) செய்யத் தேவையில்லை, செய்யவும் கூடாது.

சொந்த சர்வருக்கோ தொலைவிலுள்ள ஸ்டுடியோவுக்கோ அனுப்புவதென்றால் எஸ்ஆர்டி என்ற மற்றொரு நெறிமுறை பொருத்தமானது. அது யுடிபியில் (தரவு போய்ச் சேர்ந்ததா என்று தானாக உறுதிசெய்யாத அனுப்பும் முறை) இயங்கி, தொலைந்த பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) மட்டும் குறித்த நேரத்துக்குள் மறுபடி அனுப்பும். என்கோடரைக் காலர் (இணைப்பைத் தொடங்கும்) முறையிலும், நிலையான பொது ஐபி உள்ள மறுமுனையை லிசனர் (இணைப்புக்குக் காத்திருக்கும்) முறையிலும் வையுங்கள். என்கோடரை லிசனராக வைத்தால் அரங்கின் ரவுட்டரில் யுடிபி போர்ட்டைத் திறக்க வேண்டியிருக்கும். ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள வரம்பில் இருந்தால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது என்பதால் அதுவும் பலிக்காது. எஸ்ஆர்டியில் லேட்டன்சியின் (தொலைந்ததை மறுபடி பெறக் காத்திருக்கும் தாமதம்) இயல்பு மதிப்பு 120 மில்லி விநாடி. பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தைப் போல நான்கு மடங்கு வைப்பது நல்ல தொடக்கம்: அந்த நேரம் 60 மில்லி விநாடி என்றால் 240, மொபைல் இணைப்பென்றால் தயங்காமல் 1000க்கு மேல். இரு முனைகளிலும் எழுதிய மதிப்புகளில் பெரியதே நடைமுறைக்கு வரும். குறியாக்கத்துக்கான கடவுச்சொற்றொடர் 10 முதல் 79 எழுத்துகள் வரை இருக்கலாம். இரு முனைகளிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

சோதனை நேரலை ஓடும்போது என்கோடரின் நிலைப் பக்கத்தில், விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கையும், எஸ்ஆர்டி என்றால் மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகளும் ஏறுகின்றனவா என்று கவனியுங்கள். ஏறினால் பிட்ரேட்டை 500 கேபிபிஎஸ் அளவில் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். குறைத்தும் மாற்றமில்லை என்றால் கேபிளையும் சுவிட்ச் போர்ட்டையும் மாற்றுங்கள். சில என்கோடர்களில் பிட்ரேட்டை மாற்றினால் நேரலை துண்டிக்கப்பட்டு மீண்டும் தொடங்கும் என்பதால், இந்த மாற்றங்கள் அனைத்தையும் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.