மணப்பெண்ணின் உடை: வேளை, இடம், வெளிச்சம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

திருமணம் நிச்சயமானவுடன் பெரும்பாலான வீடுகளில் முதலில் தொடங்குவது உடை தேடும் வேலைதான். மகிழ்ச்சி தரும் வேலை என்பதால் அதைத் தள்ளிப்போட யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் எந்தப் பருவத்தில், நாளின் எந்த வேளையில், எப்படிப்பட்ட இடத்தில் திருமணம் நடக்கப்போகிறது என்பவை முடிவாகும் முன் உடைக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மணப்பெண் அந்த உடையோடு பல மணி நேரம் அமர்வார், எழுவார், படியேறுவார், குனிவார், வருகிறவர்களைக் கட்டியணைப்பார், சாப்பிடுவார். கண்ணாடி முன் 5 நிமிடம் நின்று பார்த்து மட்டும் எடுத்த உடை இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆகவே முதலில் இடம் முடிவாக வேண்டும்; அதற்கு முதல் வேலை விருந்தினர் பட்டியல். மண்டபத்தின் அளவு, உணவு, இருக்கை, அழைப்பிதழ், வாகனம் எனப் பெரிய செலவுகள் எல்லாமே தலை எண்ணிக்கையைப் பொறுத்தே ஏறி இறங்குகின்றன; பட்டியலை அப்படியே விட்டுவிட்டுப் பூ அலங்காரத்தில் சிக்கனம் பிடிப்பதால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென ஒதுக்கிவைத்துவிட்டு மீதியை மட்டும் பிரித்துக்கொள்வது நல்லது. உடைக்கான தொகையில் துணியின் விலையோடு தையல்கூலி, உள்ளாடை, காலணி, திருத்தக் கூலி, பிற்பாடு சலவைக்கு ஆகும் செலவு ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மண்டபம், சமையல், புகைப்படம் ஆகிய ஒப்பந்தங்களில், தேதி மாறினால் முன்பணம் என்னவாகும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

இடமும் வேளையும் உறுதியான பிறகு நாட்களை எண்ணிக்கொள்ளலாம். ஆயத்த உடையை வாங்கித் திருத்துவதற்கு 2 மாதம் போதும். அளவெடுத்துத் தைத்து, கையால் வேலைப்பாடு செய்ய வேண்டிய உடைக்கு 6 மாதமாவது கொடுக்க வேண்டும். எதுவானாலும் திருமணத்துக்கு 3 வாரம் முன்பே கைக்கு வந்துவிட வேண்டும் என்று தையல்காரரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 1953 செப்டம்பரில் ஜான் கென்னடியை மணந்த ஜாக்குலினின் உடையைத் தைத்தவர் ஆன் லோ என்ற வடிவமைப்பாளர். திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவருடைய தையற்கூடத்தில் தண்ணீர் புகுந்து, மணப்பெண்ணின் உடையும் தோழியரின் உடைகளும் பாழாயின. இழப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு, எல்லாவற்றையும் மீண்டும் தைத்து உரிய நாளில் அவர் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்படியொரு திறமையும் மனவுறுதியும் எல்லாத் தையற்கூடங்களிலும் கிடைத்துவிடாது என்பதால்தான் அந்த 3 வார இடைவெளியை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தோலின் நிறத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வெளிச்சத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. வெளிச்சம் எவ்வளவு மஞ்சளாக, எவ்வளவு வெண்மையாக இருக்கிறது என்பதை நிற வெப்பநிலை என்ற அளவால் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். நண்பகல் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை ஏறக்குறைய 5500 கெல்வின். மண்டபங்களில் தொங்கும் மஞ்சள் விளக்குகளுடையது 2700 முதல் 3000 வரை. பகலில் பளிச்சென்று தெரியும் நீலமும் ஊதாவும் மஞ்சள் விளக்கின் கீழ் மங்கிப் போகும். சிவப்பும் பொன்னிறமும் எழுந்து நிற்கும். யானைத் தந்தத்தின் நிறம் இன்னும் மஞ்சளாகத் தெரியும். கடைக்குள் ஒரே நிறமாகப் பொருந்திய சேலையும் ரவிக்கைத் துணியும் வாசலுக்கு வந்ததும் இரு வேறு நிறங்களாகத் தெரிவதும் இதனால்தான். இரண்டிலும் ஏறியிருக்கும் சாயங்கள் வேறு வேறு என்பதால், ஒரு விளக்கின் கீழ் ஒத்துப்போவதுபோலத் தோன்றுபவை மற்றொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடுகின்றன. எனவே ஒரு சாம்பிள் துண்டைக் கேட்டு வாங்கி, திருமணம் நடக்கும் அதே வேளையில் அதே இடத்துக்கு எடுத்துச் சென்று, மணப்பெண்ணின் தாடைக்குக் கீழே பிடித்து, பிளாஷ் போட்டும் போடாமலும் இரண்டு படங்கள் எடுத்துப் பாருங்கள். பார்த்தவுடன் கண் முகத்துக்குப் போகிறதா, துணிக்குப் போகிறதா என்பதே கேள்வி. முகத்துக்குப் போனால் அந்த நிறத்தைத் தயங்காமல் எடுக்கலாம். மேடையில் ஊதா, நீல எல்.இ.டி. விளக்குகளைப் பாய்ச்சத் திட்டமிட்டிருந்தால், மணப்பெண் அமரும் இடத்தில் மட்டுமாவது வெள்ளை வெளிச்சம் விழ வேண்டும் என்று அலங்காரம் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பல மாதம் தேடி எடுத்த நிறம் ஒரே ஒரு விளக்கால் அடையாளம் தெரியாமல் போவதைப் பார்ப்பது வேதனையானது.

துணி வாங்கும்போது பெயரை மட்டும் நம்பக் கூடாது. சாட்டின் என்பது நெசவு முறையின் பெயர். பட்டிலும் சாட்டின் உண்டு, பாலியெஸ்டரிலும் உண்டு. இரண்டும் கடையில் ஒரே மாதிரி மின்னலாம், ஆனால் உடம்பில் ஒரே மாதிரி இருக்காது. பட்டு தன் எடையில் ஏறக்குறைய 11 விழுக்காடு ஈரத்தை உள்ளே வாங்கி வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. வெயில் காலத்தில், கூட்டம் நிறைந்த கூடத்தில், வியர்வை எங்கே போகும் என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. வெளிப்புறம் எதுவாக இருந்தாலும், உடம்பை ஒட்டியிருக்கும் உள் லைனிங்காவது பருத்தியாகவோ பட்டாகவோ இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஷிபான் வழிந்து விழும், ஆர்கன்சா விறைத்து நிற்கும், வெல்வெட் கனமும் வெப்பமும் உடையது. உருவத்துக்குப் பருமன் வேண்டுமா வேண்டாமா என்பதையும் இதை வைத்தே முடிவு செய்யலாம். கசங்குமா என்று அறிய, துணியின் ஒரு மூலையை உள்ளங்கைக்குள் அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டு விரித்துப் பாருங்கள். 1981 ஜூலையில் இளவரசர் சார்லஸை மணந்தபோது டயானா அணிந்த, டாஃபெட்டா என்ற விறைப்பான பட்டுத் துணியாலான உடையின் பின்தொங்கல் 7 மீட்டருக்கும் மேல் நீளமானது. தந்தையோடு கோச்சு வண்டிக்குள் நெருக்கி அமர்ந்து வந்ததில் அது கசங்கிப்போய், தேவாலய வாசலில் வண்டியைவிட்டு இறங்கியபோது உலகமே அந்தச் சுருக்கங்களைப் பார்த்தது. வீட்டிலிருந்து மண்டபம் வரை காரில் எவ்வளவு நேரம் என்பதும் உடைத் தேர்வில் சேர வேண்டிய கணக்கு.

ட்ரையல் பார்க்கும் நாளில்தான் உண்மையான வேலை இருக்கிறது. அன்றைக்கு அணியப்போகும் உள்ளாடையையும் காலணியையும் எடுத்துச் செல்லாமல் போனால் அது ட்ரையலே அல்ல. குதிகால் உயரம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் கீழ் விளிம்பின் அளவு மாறிவிடும். உடையை அணிந்ததும் முதலில் உட்காருங்கள். பிறகு இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் உயர்த்துங்கள். அப்போது ரவிக்கையோ கவுனின் மேற்பகுதியோ கையோடு சேர்ந்து மேலே ஏறினால், அக்குள் வெட்டு தாழ்வாக இருக்கிறது என்று பொருள். அதை உயர்த்தி வெட்டினால் கை தனியாக இயங்கும், உடை இடத்தைவிட்டு நகராது. பலர் இதற்கு நேர்மாறாக, அக்குள் பிடிக்கிறது என்று சொல்லி வெட்டை இன்னும் இறக்கச் சொல்லிவிடுகிறார்கள். அதன் பிறகு பக்கத்துத் தையலை அருகிலிருந்து கவனியுங்கள். உட்கார்ந்திருக்கும்போது தையல் நூல்களுக்கிடையே துணி இழைகள் விலகி, சிறு ஏணிப்படிகள்போல வெளிச்சம் தெரிந்தால், அந்த இடம் மாலைக்குள் கிழியும். தளர்த்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சாட்டினில் பழைய தையலைப் பிரித்தால் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். இதைத் தவிர்க்க, இறுதித் துணியை வெட்டும் முன் மலிவான பருத்தித் துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்க்கச் சொல்வது கட்டாயம். உள்ளே தையலுக்கு வெளியே 2 சென்டிமீட்டராவது துணி விடச் சொல்வதும் கட்டாயம்.

கனமான வேலைப்பாடு உள்ள உடை என்றால் தராசில் வைத்து எடை பாருங்கள். 4 கிலோவோ 5 கிலோவோ தோளிலிருந்து தொங்கினால் இரண்டு மணி நேரத்தில் கழுத்து வலி முகத்தில் தெரியும். அந்தப் பாரத்தை இடுப்பு தாங்கும்படி உள்ளே அகலமான நாடா வைத்துத் தைத்துவிட்டால் மணப்பெண் நிம்மதியாக மூச்சு விடலாம்.

எந்தப் பாணி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மணப்பெண் ஏற்கெனவே எந்த உடையில் தன்னம்பிக்கையோடு நடக்கிறாரோ அந்தப் பாணியின் மிகச் சிறந்த வடிவத்தைத் தேடுங்கள். மரபு என்று நாம் நினைப்பவற்றில் சில அவ்வளவு பழையவையும் அல்ல. விக்டோரியா அரசி 1840 பிப்ரவரி 10 அன்று வெள்ளைச் சாட்டின் அணிந்து மணம் முடித்த பிறகுதான் ஐரோப்பாவில் வெள்ளை நிறம் மணப்பெண்ணுக்கு உரியதாக மெல்லப் பரவியது. அதற்கு முன் பெரும்பாலான பெண்கள் தங்களிடம் இருந்த நல்ல உடையை, எந்த நிறமாக இருந்தாலும், அணிந்தார்கள். விக்டோரியாவும் தம் திருமண லேஸைப் பிற்காலத்தில் பலமுறை அணிந்திருக்கிறார். மீண்டும் அணிய முடியுமா என்று யோசித்து வாங்குவதில் குறைவு ஏதும் இல்லை. கழுத்தில் கனமான நகை என்றால் கழுத்துப் பகுதியின் வேலைப்பாட்டைக் குறையுங்கள். வேலைப்பாடுதான் முக்கியம் என்றால் காதணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேக்கப்பில் புதிய பொருள் எதையும் கடைசி வாரத்தில் தொடக் கூடாது. தலைமுடிச் சாயம் பூசுவதாக இருந்தால், 48 மணி நேரம் முன்பு தோலில் சிறிது தடவிச் சோதியுங்கள். பல சாயங்களில் உள்ள பிபிடி என்ற பொருள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும். ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டைஆக்சைடோ மிகுந்த சன்ஸ்கிரீன், பிளாஷ் வெளிச்சத்தில் முகத்தை வெளிறிக் காட்டும் என்பதால், ஒத்திகை மேக்கப்பையும் பிளாஷ் போட்டே படமெடுத்துப் பாருங்கள்.

திருமண நாளின் அட்டவணையைச் சடங்கு தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். ஒத்திகையில் அலங்காரத்துக்கு எவ்வளவு நேரம் ஆனதோ அதோடு இன்னும் ஒரு மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1947 நவம்பரில், பின்னாளில் பிரிட்டன் அரசியான இளவரசி எலிசபெத் தம் திருமணத்துக்காக அலங்கரித்துக்கொண்டிருந்த காலையில் அவருடைய மணிமுடி முறிந்தது. நகை செய்பவர் அதை அவசரமாகச் சரிசெய்து கொடுக்க நேரம் இருந்ததால் அவர் அதையே அணிய முடிந்தது. ஊசி, உடையின் நிறத்து நூல், ஊக்குகள், இரண்டு வகை நாடா, வெள்ளைத் துணி, கூடுதல் கொக்கி ஆகியவற்றை ஒரு பையில் போட்டு, மணப்பெண்ணின் தாயிடமோ சகோதரியிடமோ தராமல், விருந்தினரை வரவேற்கும் பொறுப்பு இல்லாத ஒருவரிடம் கொடுங்கள்.

விழா முடிந்ததும் உடையை அப்படியே மடித்து உள்ளே வைக்காதீர்கள். நிறமற்ற இனிப்புப் பானம் தெறித்த இடம் அன்று கண்ணுக்குத் தெரியாது. அதிலுள்ள சர்க்கரை சில மாதங்களில் பழுப்புக் கறையாக மாறும். அதனால் எங்கெல்லாம் சிந்தியது என்று சலவை செய்பவரிடம் சொல்லி, ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு, துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரமும் வெளிச்சமும் படாத இடத்தில் வையுங்கள். ஜரிகையின் மேல் கற்பூர உருண்டையோ நறுமணத் தெளிப்போ படக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை எடுத்து, பழைய மடிப்பின் மேலேயே மடிக்காமல் வேறு இடத்தில் மடித்து வையுங்கள்.