கடன் வாங்கிக் கழிக்கத் தடுமாறுகிறார்களா?

மூன்றாம் வகுப்பில் இந்த வாரம் இனமாற்றிக் கழித்தல். நாம் படித்த காலத்தில் 'கடன் வாங்கிக் கழித்தல்' என்றோமே, அதேதான். வீட்டுப்பாடத்தில் 42 − 17 = 35 என்று எழுதியிருந்தால் திட்டிவிடாதீர்கள். 2-இல் 7 போகாது என்பதால் பிள்ளை திருப்பிப் போட்டு, 7-இல் 2 போனால் 5 என்று எழுதியிருக்கும். கவனக்குறைவு என்று சொல்ல முடியாது, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நான்கு கட்டுகள், உதிரியாக இரண்டு குச்சிகள். இதுதான் 42. இப்போது "ஏழு குச்சி கொடு" என்று கேளுங்கள். கையில் இரண்டுதானே இருக்கிறது? கொஞ்சம் முழிக்கும். விடுங்கள், நீங்களாகச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பெரும்பாலும் அதுவே ஒரு கட்டைப் பிரித்துவிடும். உதிரி 12 ஆகும், கட்டு மூன்றாகும். ஏழு உதிரியும் ஒரு கட்டும் உங்களிடம் வந்துவிட்டால் மிச்சம் 25.

அந்த ரப்பர் பேண்டைப் பிள்ளையேதான் கழற்ற வேண்டும். நோட்டில் 4-ஐ அடித்து 3 என்று எழுதுவது எதற்கென்று புரிவது அந்த இடத்தில்தான்.

இரண்டு மூன்று நாள் குச்சியோடு போடட்டும். அப்புறம் 50 − 23 கொடுத்துப் பாருங்கள். உதிரியே இல்லாத கணக்கில்தான் மறுபடி சறுக்கும்.