பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர்ப் பக்கத்துக் கல் குவாரிப் பாதைகளிலும், உசிலம்பட்டி, பேரையூர் வட்டாரத்துக் காட்டுப் பாதைகளிலும் ஓடும் பிக்கப் வண்டிகளில், கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு ஓர் அளவு பெரியதாகப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. வண்டி உயரும், அடி தட்டாது, டயரும் கூடுதல் நாள் உழைக்கும் என்பது அவர்கள் கணக்கு. இதில் கடைசிப் பகுதிதான் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. டயரின் ஆயுளைத் தீர்மானிப்பவை அது சுமக்கும் பாரம், அதில் இருக்கும் காற்று, அது ஏற்றுக்கொள்ளும் சூடு ஆகியவையே. அளவு பெரிதாவதால் ஒரு கிலோமீட்டருக்குச் சுற்றும் சுற்றுகள் சற்றுக் குறையும். அளவினால் நேரடியாகக் கிடைக்கும் லாபம் அவ்வளவே.

கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவது முதல் தவறு. 215/75 ஆர்15 என்று எழுதியிருந்தால், டயரின் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு, டிஸ்கின் (டயரை மாட்டும் உலோகச் சக்கரத்தின்) விட்டம் 15 அங்குலம் என்று பொருள். இதன் மொத்த விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 733 மில்லிமீட்டர் ஆகிறது. முப்பது மில்லிமீட்டர் கூடியதாகத் தெரிந்தாலும், பின்னச்சின் ஹவுசிங் (அச்சை மூடியிருக்கும் உறை) தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, அதாவது 15 மில்லிமீட்டர் மட்டுமே. அந்தப் பதினைந்து மில்லிமீட்டருக்காக நான்கு டயர்களின் விலையைக் கொடுப்பது தேவைதானா என்பதைக் கடைக்குப் போகும் முன்பே யோசித்துவிடுவது நல்லது.

அதே மாற்றத்தால் ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லத் தொடங்குகிறது. முள் 60 காட்டும்போது வண்டி 62, 63-ல் போய்க்கொண்டிருக்கும். மீட்டர் 40,000 கிலோமீட்டர் காட்டும்போது உண்மையில் 41,700 கிலோமீட்டர் ஓடி முடிந்திருக்கும். ஆயில் மாற்றுவதும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். விட்டம் சுமார் மூன்று விழுக்காட்டுக்கு மேல் மாறக் கூடாது என்று பொதுவாகச் சொல்லப்படும் வரம்பையும் மேற்கண்ட மாற்றம் தாண்டிவிடுகிறது.

விட்டம் கூடினால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை குறையும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நான்குவழிச் சாலையில் திருமங்கலம் வழியாக விருதுநகர் போகிற வண்டிக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கோ போடியிலிருந்து போடிமெட்டுக்கோ பாரத்தோடு ஏறும்போதுதான், வழக்கமாக இரண்டாம் கியரில் ஏறிய வளைவில் முதல் கியர் கேட்கும், கிளட்ச் தீயும் வாடை வரும். இறங்கும்போதோ கனமான, பெரிய சக்கரத்தை நிறுத்த பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. டயரில் மிச்சம் பிடித்த பணம் கிளட்ச் தட்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் போனால் அதை மிச்சம் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, சுமைக் குறியீட்டைப் பார்க்காமல் வாங்குவது. அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் ஒரு டயர் தாங்கக்கூடிய உச்சபட்சப் பாரத்தைக் குறிக்கும்: 100 என்றால் 800 கிலோ, 105 என்றால் 925 கிலோ, 109 என்றால் 1,030 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. 112/109 என்று இரண்டு எண்கள் இருந்தால், இரண்டாவது எண் பின்னால் ஒரு பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிகளுக்கானது. பார்வைக்கு அகலமாக, முரட்டுத்தனமாக இருக்கும் பல டயர்கள் எஸ்யூவி கார்களுக்காகச் செய்யப்பட்டவை. சோழவந்தானிலிருந்து தேங்காய் ஏற்றிவரும் ஒரு வண்டியின் பின்னச்சில் 1,900 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 105 குறியீடுள்ள இரண்டு டயர்கள் சேர்ந்து தாங்குவது 1,850 கிலோதான். அகலம் கூடியும் தாங்கும் திறன் போதாமல் போவது இப்படித்தான். லோடு ஏற்றும் வண்டிக்கு, இலகுரக வணிக வண்டிகளுக்கான எல்டி அல்லது சி என்ற குறி பொறித்த டயரையே கேட்டு வாங்க வேண்டும். பழைய டயரின் சுமைக் குறியீட்டைவிடக் குறைந்த எதையும், கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும், ஏற்கக் கூடாது.

பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைகள், ஆழமாக இருந்தால் தேய நாளாகும் என்ற எண்ணமும் பாதி உண்மைதான். சேற்றுக்கென்று செய்த மட் டெரெய்ன் டயரின் பெரிய கட்டைகள் தார்ச்சாலையில் ஒவ்வொரு சுற்றிலும் நெளிகின்றன. அந்த நெளிவு சூடாகிறது, சூடு ரப்பரைத் தின்கிறது. சித்திரை வெயிலில் தார் கொதிக்கும் ஊரில் இத்தகைய டயர் சாதாரண நெடுஞ்சாலை டயரைவிட முன்னதாகவே தேய்ந்துவிடும், இரைச்சல் வேறு. மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூவும் காய்கறியும் கொண்டுவந்து திரும்பும் வண்டிக்குச் சாலை வகை டயரே போதும். பாதி ஓட்டம் மண்பாதையில் என்றால் ஆல் டெரெய்ன் வகை பொருந்தும். ஐப்பசி மழைக்குப் பின் கரிசலில் இறங்கியே ஆக வேண்டியவர்களுக்கு மட்டும்தான் மட் டயர் என்பது என் கருத்து.

டிஸ்க் மாற்றாமல் அகலமான டயரைப் போடுவதையும் இங்கே சொல்ல வேண்டும். 235/75 ஆர்15 டயருக்கு டிஸ்கின் அகலம் குறைந்தது 6 அங்குலம் வேண்டும். ஐந்தரை அங்குல டிஸ்கில் ஏற்றினால் பக்கச்சுவர்கள் உள்ளே ஒடுங்கி, நடுப்பகுதி புடைத்து, பட்டன் நடுவில் மட்டும் தேயும். அச்சுக்கும் டிஸ்குக்கும் இடையே ஸ்பேசர் என்ற தட்டு வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால் வீல் பேரிங் அடிவாங்கும். ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுவதுமாக ஒடித்து டயர் எங்கே உரசுகிறது என்று பார்ப்பவர்களும் காலி வண்டியில்தான் பார்க்கிறார்கள். பாரம் ஏற்றி, ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கிய நிலையிலும் பார்ப்பதே சரியான சோதனை.

காற்று விஷயத்தில் நடக்கும் தவறு பழையது. ஓடி வந்த சூட்டில் அளந்து, அழுத்தம் கூடியிருக்கிறதே என்று இறக்கிவிடுகிறார்கள்; வண்டி ஆறியதும் காற்று குறைந்து நிற்கிறது. குறைந்த காற்றில் பாரத்தோடு ஓடும் டயரின் பக்கச்சுவர் விடாமல் மடங்கிச் சூடேறுவதுதான் கோடையில் டயர் வெடிப்பதற்கு முக்கியக் காரணம். காலையில், வண்டி நகருவதற்கு முன் அளக்க வேண்டும். மேலும், கார் வகை டயருக்குப் போதுமான அழுத்தம் அதே பாரத்தைத் தாங்க எல்டி டயருக்குப் போதாது என்பதால், டயர் தயாரிப்பாளரின் சுமை, அழுத்த அட்டவணையைக் கேட்டுப் பெறுவது அவசியம்.

தள்ளுபடி விலையில் மயங்குபவர்கள் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படிக்கட்டும். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. ஆண்டுக்கணக்கில் கடை வாசல் வெயிலில் காய்ந்த டயரில் பட்டன் முழுதாக இருந்தாலும் ரப்பர் கெட்டித்திருக்கும். கார் டயர்களில் காணப்படும் தேய்மான எண்ணைக் கிலோமீட்டராக எடுத்துக்கொள்வதும் பிழை. அது ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்ட விகிதம் மட்டுமே, எல்டி டயர்களில் பெரும்பாலும் இருக்கவே இருக்காது.

சட்டத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே மாடலின் உயர் ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு ஏதாவது இருக்கிறதா என்று வண்டியின் கையேட்டிலோ டீலரிடமோ முதலில் கேட்டுப் பார்க்கலாம். அந்த வரம்பை மீறினால் எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்கான சோதனையின்போதும், விபத்துக்குப் பின் காப்பீடு கேட்கும்போதும் கேள்வி எழும்.

கடைசியாக ஸ்டெப்னி. நான்கை மட்டும் பெரிதாக்கிவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவிலேயே விட்டால், பஞ்சரான பின் இருபுறமும் வேறு விட்டத்தில் சுற்றும் சக்கரங்களால் இருபக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்க நேரிடும். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸே கெடலாம். ஆகவே ஐந்து டயராக விலை பேசுங்கள். பெரிய ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் உள்ள தாங்கியில் அடங்குகிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.