ஹெர்ப்ஸ்ட், ஹார்வெஸ்ட்: சொல்மூலம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலையுதிர்காலத்தை ஜெர்மானியர் ஹெர்ப்ஸ்ட் என்பர். அதன் மூலத்தை ஆராயப் புகும் நாம் முதலில் சறுக்குவது நம் மொழிபெயர்ப்பிலேயே. இலையுதிர்காலம் என்று எழுதிப் பழகிவிட்டதால், அந்தச் சொல்லுக்குள்ளும் ஓர் இலை இருக்கும் என்று கொண்டுவிடுகிறோம். அதற்குள் இருப்பதோ கொய்தல், பறித்தல் என்னும் பொருள். ஜெர்மனியின் தென்மேற்கு வட்டாரங்களில் திராட்சை பறிப்பையே ஹெர்ப்ஸ்ட் என்பதுண்டு. இலை உதிர்வது ஆங்கிலத்தின் ஃபால் என்ற சொல்லில்தான். அதையும் அமெரிக்கர் ஆக்கியதாக எழுதுவது பிழை. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'இலை விழும் காலம்' என்று வழங்கிய தொடரின் சுருக்கமே அது.

ஹெர்ப்ஸ்ட்டின் ஆங்கில உறவுச்சொல்லான ஹார்வெஸ்ட் என்றால் இன்று அறுவடை; அந்தப் பொருளை அப்படியே பழைய ஏடுகளில் ஏற்றிவிடக் கூடாது. பழைய ஆங்கிலத்தில் அது பருவத்தின் பெயர். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் லத்தீன் வழிவந்த ஆட்டம் (autumn) என்ற சொல் பிரெஞ்சு மூலம் நுழைந்து, பின்னர் மெல்ல மெல்லப் பருவத்தைத் தனதாக்கிக்கொண்டது. பழைய சொல்லுக்கு அறுவடை மட்டும் மிஞ்சியது. ஸ்வீடனில் ஹோஸ்ட் பருவம். டென்மார்க்கில் ஏறத்தாழ அதே வடிவம் முதன்மையாக அறுவடையைக் குறிக்கிறது.

இவற்றைவிடப் பெரிய தவறு, பறித்தலைக் குறிக்கும் லத்தீன் கார்பெரே என்ற வினையிலிருந்து ஹார்வெஸ்ட் பிறந்தது என்பது. இரண்டும் தாயும் மகளும் அல்ல, உடன்பிறப்புகள். லத்தீனில் ககரமாக நின்ற பழைய ஒலி ஆங்கிலம், ஜெர்மன் முதலிய ஜெர்மானிய மொழிகளில் ஹகரமாகத் திரிந்தது: கொம்பு அங்கே கோர்னு, இங்கே ஹார்ன், நூறு அங்கே கென்டும், இங்கே ஹண்ட்ரட். கடனாக வாங்கியிருந்தால் ககரம் பெரும்பாலும் அப்படியே தங்கியிருக்கும். நம்முடைய அறுப்பு, அறுவடை ஆகியவற்றோடு ஹார்வெஸ்ட்டை முடிச்சுப்போட நினைப்போரும் இதைக் கருத வேண்டும். இன்றைய ஒலிகள் செவிக்கு நெருங்கியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லின் தொல்வடிவம் ககரத்தில் தொடங்கியது.

கி.பி. 98 அளவில் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ், ஜெர்மானியர் இப்பருவத்தின் பெயரையும் அறியார், விளைபொருளையும் அறியார் என்று எழுதினார். இதைக் கொண்டு, சொல்லே பிற்காலத்தது என்று முடிவுகட்டுவது தவறு. ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், ஐஸ்லாந்து மொழிகள் அனைத்திலும் அதன் வழித்தோன்றல்கள் ஒழுங்கான ஒலிமாற்றத்தோடு நிற்பதால், அவை பிரிவதற்கு முன்பே அது வழங்கியிருக்க வேண்டும். அப்போது அது பருவத்தைச் சுட்டியதா, பறிப்பை மட்டுமா என்பதே எஞ்சும் கேள்வி.