தவிட்டு அமிலம் கலந்து, எளிதில் தீப்பிடிக்காத பிளாஸ்டிக் தாள்

டிவி, கணினிப் பெட்டிகள் சட்டெனத் தீப்பிடிக்காமலிருக்க அவற்றின் பிளாஸ்டிக்கில் பல வருடமாகப் புரோமின் சேர்மங்களைக் கலந்துவந்தார்கள். அவை சிதையாமல் மண்ணிலும் உடலிலும் தங்கிவிடுகின்றன என்பதால், அவற்றில் அதிகம் புழங்கிய டெகாபிடிஇ-யை 2017-ல், சிதையாத நச்சு ரசாயனங்களை ஒழிப்பதற்கான சர்வதேச உடன்பாடான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மாற்று வழிகளில் எனக்குப் பிடித்தது பைட்டிக் அமிலம். அரிசித் தவிட்டில் இருப்பதுதான், எடையில் கால் பங்குக்கு மேல் பாஸ்பரஸ்.

அதைக் கலந்து மாவுச்சத்துப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நாமே செய்து பார்க்கலாம். தேவையானவை: கார்ன்ஃப்ளார் 10 கிராம், தண்ணீர் 60 மில்லி, கிளிசரின் 4 மில்லி, 50 சதவீதப் பைட்டிக் அமிலக் கரைசல் 4 கிராம், சமையல் சோடா 1 கிராம். அமிலம் செடியிலிருந்து வந்ததுதானே என்று அசட்டையாக இருக்காதீர்கள், கண்ணில் பட்டால் வம்பு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

முதலில் அமிலத்தில் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள், நுரைத்து அடங்கும். புளிப்பு முழுக்கப் போகக் கூடாது, கரி உண்டாக்கப்போவதே அந்த மிச்ச அமிலம்தான். அப்புறம் மாவு, தண்ணீர், கிளிசரினைச் சிறு தீயில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளறி இறக்கி, வெதுவெதுப்பாக ஆறியதும் அமிலத்தைக் கலக்குங்கள். நான் முதல் தடவை அவசரப்பட்டுக் கொதிக்கும்போதே ஊற்றினேன், மாவுச்சத்து உடைந்து நீர்க்கஞ்சியாகிவிட்டது. கண்ணாடித் தட்டில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிடுங்கள். அமிலமும் சோடாவும் சேர்க்காத தாள் ஒன்றும் வேண்டும், ஒப்பிட ஆள் இல்லாமல் சோதனை ஏது!

சரி, கொளுத்தலாம். வெட்டவெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு. பிளாஸ்டிக் எப்படித் தீப்பிடிக்கிறது என்று பார்க்கும் யுஎல் 94 என்ற தரச் சோதனையில் வருகிற மாதிரி 125 மி.மீ. நீளம், 13 மி.மீ. அகலத்தில் வெட்டி, இடுக்கியில் செங்குத்தாகப் பிடித்து, அடிநுனியில் 10 விநாடி லைட்டர் காட்டி எடுத்துவிட்டு எண்ணுங்கள். உண்மையில் எரிவது பிளாஸ்டிக் அல்ல, சூட்டில் அதிலிருந்து கிளம்பும் வாயு. அமிலம் மாவுச்சத்திலிருந்து நீரைப் பிடுங்கி அதைக் கரியாக்கிவிடுவதால் தீக்குத் தீனி குறைகிறது. எத்தனை விநாடி என்பதைவிட, எவ்வளவு கரி மிஞ்சியது என்று பாருங்கள்.

இதை வைத்துப் பிளக் பாக்ஸ் செய்யக் கிளம்பிவிடாதீர்கள். ஈரம் பட்டால் அமிலம் கரைந்து வெளியேறிவிடும். அதைத் தடுக்க ஆய்வகங்களில் சிட்டோசானோடு பிணைத்துப் பார்க்கிறார்கள், அது இறால் ஓட்டிலிருந்து வருவது என்பதால் அப்புறம் சைவக் கணக்கில் சேராது.