ஆழத்துப் பாறைக்குள் தண்ணீர் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, பல்லடம், அவிநாசி பக்கம் தண்ணீர் குறைந்துபோன போர்வெல்லில் ஹைட்ரோ பிராக்சரிங் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். கேசிங் குழாய்க்குக் கீழே பேக்கர் என்ற அடைப்பானை இறக்கி அடைத்துவிட்டு அழுத்தமாகத் தண்ணீர் அடித்தால், வெடிப்புகளில் அடைந்திருந்த மண் விலகி ஊத்து கொஞ்சம் கூடும். புவிவெப்ப மின்சாரம் என்றால், ஒரு கிணற்றில் தண்ணீரை இறக்கி, ஆழத்துச் சூடான பாறையின் வெடிப்புகள் வழியே ஓடவிட்டு, இன்னொரு கிணற்றில் மேலே எடுத்து அந்தச் சூட்டில் டர்பைன் ஓட்டுவது. அதற்காக 4, 5 கிலோமீட்டர் ஆழத்தில் செய்வதும் இதுதானே, பம்ப் மட்டும் பெரிசு என்று நம்ம ஊர் இன்ஜினியரிங் பசங்களே சொல்கிறார்கள். முதல் தவறு அங்கேதான்.

அந்த ஆழத்துக் கருங்கல்லில் பெரும்பாலும் பழைய வெடிப்புகளைத்தான் திறக்கிறோம். உள்ளே நீரழுத்தம் ஏற ஏற, இறுகிக் கிடந்த இரண்டு முகங்களின் பிடி தளர்ந்து பாறை துளி நகர்கிறது. சொரசொரப்பான முகங்கள் பழையபடி பொருந்தாததால் இடைவெளி நிலைக்கிறது. அந்த நகர்வே ஒரு குட்டி நிலநடுக்கம். அதனால் "நடுக்கமே வராது" என்று ஊர்மக்களிடம் சொல்லவே கூடாது.

அப்புறம், பக்கத்தில் பெரிய பிளவு ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்காமல் பம்பை ஓட்டுவது. தென்கொரியாவின் போகாங்கில் 2017 ஏப்ரலிலேயே 3.2 அளவில் ஒரு அதிர்வு வந்தது. அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் மறுபடியும் தண்ணீர் செலுத்தினார்கள், செப்டம்பரில் நிறுத்தியும் விட்டார்கள், ஆனால் நவம்பர் 15 அன்று சுமார் 5.5 அளவில் நிலநடுக்கம் வந்து நிறையப் பேர் காயமடைந்தார்கள். அதைத் தூண்டியது இந்த வேலைதான் என்று 2019-ல் அரசு அமைத்த குழு சொன்னது.

பம்பை நிறுத்தினால் ஆபத்து நின்றுவிடும் என்ற நினைப்பும் தப்பு. உள்ளே போன அழுத்தம் பரவிக்கொண்டே இருக்கும். சுவிட்சர்லாந்தின் பாசெலில் 2006 டிசம்பரில் சுமார் 11,500 கனமீட்டர் அடித்தார்கள், 3.4 அளவு அதிர்வு வந்தது பம்பை நிறுத்திய பிறகு, அதற்கடுத்த மாதங்களிலும் தொடர்ந்தது. கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 2018-ல் இதைவிட அதிகமாக, 6 கிலோமீட்டர் ஆழத்தில் செலுத்தினார்கள். 2.1-ஐத் தாண்டக்கூடாது என்று முன்கூட்டியே எல்லை வைத்து, அதிர்வுகளை உடனுக்குடன் பார்த்தே பம்பைக் கூட்டிக் குறைத்தார்கள், 1.9-க்கு மேல் போகவில்லை. பாறையும் வேறு, அழுத்தநிலையும் வேறு, சரி. ஆனாலும் அந்த ஒழுங்கைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வெடிப்பு எந்தப் பக்கம் வளரும் என்று ஊகித்து இரண்டாவது கிணற்றையும் முன்கூட்டியே தோண்டிவிடாதீர்கள். அமெரிக்காவின் ஃபென்டன் ஹில்லில் அப்படிச் செய்தார்கள், வெடிப்பு வேறு திசையில் போய்விட்டது, இரண்டு கிணறும் சேரவில்லை, ஒன்றைத் திரும்பத் துளைக்க வேண்டியதாயிற்று. முதல் கிணற்றில் தண்ணீர் அடித்து, குட்டி அதிர்வுகள் எங்கே பரவுகின்றன என்று பார்த்து, அதற்குள் இறங்குகிற மாதிரி அடுத்ததைத் துளையுங்கள்.

ஓட்டம் கூடியதும் வேலை முடிந்தது என்று கிளம்பவும் கூடாது. இங்கிலாந்தின் ரோஸ்மனோவ்ஸில் வெடிப்பு மூடாமல் இருக்க மணல் போன்ற துகள்களைச் செலுத்தினார்கள். தண்ணீர் சுலபமாக ஓடியது, ஆனால் ஒரே குறுக்கு வழியில் ஓடியதால் பாறை சீக்கிரமே குளிர்ந்தது. எத்தனை வெடிப்புகளில் பிரிந்து வருகிறது என்று டிரேசர், அதாவது தண்ணீர் போகும் வழியைக் காட்டும் அடையாளப் பொருள், கலந்து பார்த்துவிட்டுத்தான் டர்பைனைப் பற்றிப் பேச வேண்டும்.