நுரையீரல் புற்றுநோய்: உடனிருக்கும் குடும்பம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்ததும் பல குடும்பங்கள் இரண்டு விஷயங்களை மறைக்கத் தொடங்குகின்றன. நோயின் பெயரை நோயாளியிடம் சொல்வதில்லை. கையில் இருக்கும் பணம் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் சொல்வதில்லை. முதலாவது அன்பினால் நடப்பது, இரண்டாவது மானத்துக்கு அஞ்சி நடப்பது. ஆனாலும் பின்னாளில் வரும் வீண் செலவுக்கும் வீண் வேதனைக்கும் பெரும்பாலும் இவையே வேர் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றுக்கும் முந்தைய தவறு நோய் உறுதியாவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. நீடித்த இருமல், சளியில் இரத்தம், எடைக் குறைவு என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய்தான். அப்படி நினைப்பதில் பிழையில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நோய்களின் நிழலும் ஒன்றுபோலத் தெரிவதுண்டு. சளிப் பரிசோதனையில் கிருமி உறுதியாகாமலேயே காசநோய் மாத்திரை தொடங்கி, ஒன்றிரண்டு மாதங்களாகியும் இருமல் குறையாமல் எடை மட்டும் இறங்கிக்கொண்டே போகும்போதும், ஆறு மாதக் கோர்ஸ் முடியட்டும் என்று காத்திருப்பதுதான் பிழை. அந்தக் காத்திருப்பில், அறுவைச் சிகிச்சையால் அகற்றக்கூடிய கட்டி அகற்ற முடியாததாகிவிடலாம். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் நேராகக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நோயாளி பீடி, சிகரெட் தொட்டதே இல்லையே என்ற நம்பிக்கையும் வேண்டாம். புகைப் பழக்கமே இல்லாதவர்களுக்கும், விறகடுப்புப் புகையிலேயே காலம் கழித்த பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. புகைத்தவராகவே இருந்தாலும், நோய் வந்தபின் அதைச் சொல்லிச் சொல்லிக் குத்திக்காட்டுவது எந்தப் பயனும் தராது. இப்போதாவது நிறுத்த உதவுவது பயன் தரும், ஏனெனில் சிகிச்சைக் காலத்தில் புகைப்பதை நிறுத்துவதும் உடலுக்கு நன்மையே.

அடுத்தது, கட்டியிலிருந்து சிறிது திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி குறித்த அச்சம். ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்ற பேச்சைக் கேட்டு வாரக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பயாப்சி இல்லாமல் இது சிறு செல் வகையா, சிறு செல் அல்லாத வகையா என்றுகூடச் சொல்ல முடியாது. அது தெரியாமல் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. அப்படி எடுத்த திசுவை ஆய்வகம் மெழுகில் பதித்து, தீப்பெட்டி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் எண்ணிட்டு வைத்திருக்கும். இதைத்தான் பிளாக் என்கிறார்கள். வேறொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கச் செல்லும் குடும்பங்கள் எக்ஸ்ரேக்களையும் ஸ்கேன் படங்களையும் மஞ்சள் பை நிறையக் கொண்டுபோவார்கள். இந்தப் பிளாக்கையும், அதிலிருந்து மெல்லியதாக வெட்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்த ஸ்லைடுகளையும் மட்டும் விட்டுவிடுவார்கள். அங்கே மறுபடியும் பயாப்சி, மறுபடியும் செலவு, மறுபடியும் காத்திருப்பு என்றாகிவிடுகிறது. ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்திட்டால் அவற்றைப் பெற்றுக்கொள்ளலாம்.

அவசரத்தில் விழும் பெரிய பணம்

இன்று நுரையீரல் புற்றுநோய் சிகிச்சையில் பணமும் பலனும் ஒன்றாகத் தீர்மானமாகும் இடம் மரபணுப் பரிசோதனைதான். குறிப்பாக, சிறு செல் அல்லாத வகைகளில் ஒன்றான அடினோகார்சினோமாவில் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ராஸ்1 (ROS1) போன்ற மரபணுக்களில் மாற்றங்கள் உள்ளனவா என்று பார்க்கிறார்கள், பி.டி.எல்.1 என்ற புரதத்தின் அளவையும் தனியே பார்க்கிறார்கள். முடிவு வரச் சில வாரங்கள்கூட ஆகலாம். இதற்கு வேறு பல ஆயிரம் ரூபாயா என்று பரிசோதனையைத் தவிர்க்கும் குடும்பமும் உண்டு. முடிவு வரும்வரை சும்மா இருப்பதா என்று பதறி, எது புதிதோ எது விலை அதிகமோ அதைப் போடச் சொல்லி வற்புறுத்தும் குடும்பமும் உண்டு.

இரண்டுமே இழப்புத்தான். இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவருக்கு வீட்டிலிருந்தே சாப்பிடும் மாத்திரை பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும். அவற்றில் ஜெஃபிடினிப், எர்லோடினிப் ஆகியவை விலை குறைந்த ஜெனரிக் மருந்துகளாகவே கிடைக்கின்றன. அதே நோயாளிக்கு முடிவு வருமுன், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசியைப் போட்டுவிட்டால், ஒவ்வொரு முறையும் பெரும் தொகை செலவாவதோடு, அது பலனளிக்கும் வாய்ப்பும் குறைவு. அதைத் தொடர்ந்து, இதே இ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்துக்கான ஆசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறும்போது கடுமையான நுரையீரல் அழற்சி வரும் ஆபத்தும் கூடுகிறது. நோயாளியின் நிலை மோசமாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் கீமோ தொடங்க வேண்டிய கட்டாயம் வரலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்; நம் பதற்றம் அதை முடிவு செய்யக் கூடாது.

ஆசிமெர்டினிப் விலை உயர்ந்த மருந்து. 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் அதற்கும் துர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசிக்கும் சுங்க வரி நீக்கப்பட்டது; அதே ஆண்டு ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சில நிறுவனங்கள் நோயாளி உதவித் திட்டங்களும் நடத்துகின்றன. குறிப்பிட்ட அளவு வாங்கினால் மீதி இலவசம் என்பது போன்ற ஏற்பாடுகள் அவற்றில் உண்டு. கேட்காதவர்களுக்கு அது தெரிவதே இல்லை. மருந்துச் சீட்டைக் கையில் வாங்கும்போதே, இதே மூலக்கூறு வேறு பெயரில் குறைந்த விலைக்குக் கிடைக்குமா, உதவித் திட்டம் உண்டா, எங்களால் மாதம் இவ்வளவுதான் முடியும், அதற்குள் எது சிறந்தது என்று வாய்விட்டுக் கேளுங்கள். பணத்தைப் பற்றிப் பேசினால் சிகிச்சையின் தரம் குறைந்துவிடும் என்று அஞ்சி மௌனமாக இருப்பவர்கள், மூன்றாவது மாதத்தில் பணம் தீர்ந்து மருந்தையே நிறுத்துகிறார்கள். பாதியில் நிற்கும் விலை உயர்ந்த மருந்தைவிட, கடைசிவரை தொடர முடிகிற எளிய மருந்து பலருக்கு மேலானது.

நிலத்தை விற்பதற்கு முன்போ, நகையை அடகு வைப்பதற்கு முன்போ கேட்டே தீர வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தச் சிகிச்சையின் நோக்கம் நோயைக் குணப்படுத்துவதா, கட்டுப்படுத்தி நாளை நீட்டிப்பதா? கட்டுப்படுத்துவது என்றால் செலவு மாதாமாதம் தொடரும். முதல் மாதமே கையிருப்பு முழுவதையும் கொட்டிவிட முடியாது.

காப்பீட்டை நினைக்கும் நேரம்

சொந்தக் காசைச் செலவழித்துவிட்டு, அது தீர்ந்தபின் காப்பீட்டு அட்டையைத் தேடுவது தமிழ்நாட்டில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. இது ரொக்கமில்லா முறை. சிகிச்சைக்கு முன் மருத்துவமனை அனுமதி பெற வேண்டும். கட்டி முடித்த பில்லைக் கொண்டுபோய்ப் பணம் கேட்க முடியாது. எனவே சந்தேகம் எழுந்த நாளிலேயே வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிந்துவிடுங்கள். மகன் வீட்டில் இருக்கும் தாயின் பெயர் ஊரிலுள்ள வேறொரு குடும்ப அட்டையில் இருப்பது போன்ற சிக்கல்கள் அப்போதுதான் வெளிப்படும். அவற்றைச் சரிசெய்ய நாளாகும். மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்ததா என்பதோடு, எழுதிய அந்த மருந்து திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்பதையும் காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்க வேண்டும்.

தொழிற்சாலையிலோ கடையிலோ வேலை செய்பவர்கள் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யை மறந்துவிடுகிறார்கள். தகுதியுள்ள தொழிலாளிக்குப் புற்றுநோய்க்கான நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் உண்டு; கூலியில் 80 சதவீதம் வரை கிடைக்கும். வருங்கால வைப்பு நிதியிலிருந்தும் மருத்துவத்துக்கு முன்பணம் எடுக்கலாம். மீட்டர் வட்டிக்காரரிடம் போவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிட வேண்டும். தனியார் பாலிசி இருந்தால் புகைப் பழக்கத்தையோ பழைய நோயையோ மறைத்துக் கேட்புப் படிவம் எழுதாதீர்கள், தவணையைத் தவறவிடாதீர்கள். மாத்திரை வடிவக் கீமோவுக்கும் இம்யூனோதெரபிக்கும் உச்சவரம்பு இருக்கலாம். பாலிசியில் அந்தப் பக்கத்தை முதலிலேயே படியுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர், சார்ந்திருக்கும் புற்றுநோயாளிக்கான செலவுக்கு 40,000 ரூபாய் வரையும், நோயாளி மூத்த குடிமகன் என்றால் 1 லட்சம் ரூபாய் வரையும் கழிவு பெறலாம். சிகிச்சைக்காக ரயிலில் செல்வோருக்கும் உடன் செல்பவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. எல்லாவற்றுக்கும் அசல் ரசீதுகள் வேண்டும்.

நோயாளியிடம் மறைப்பது

‘அவரிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், தாங்கமாட்டார்’ என்று வராந்தாவிலேயே மகன் கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் முடி கொட்டும்போதும், புற்றுநோய்ப் பிரிவு என்ற பலகையின் கீழ் உட்காரும்போதும் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கும் தனிமையை அவர்மேல் சுமத்துகிறோம். அதோடு, எதற்காக இந்த மருந்து என்று தெரியாதவர் மாத்திரையை நிறுத்திவிடலாம், பக்கவிளைவைச் சொல்லாமல் விடலாம், தன் வங்கிக் கணக்கையும் பாலிசியையும் பற்றிப் பேசாமலேயே போய்விடலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று அவரிடமே கேட்டு, அவர் கேட்கும் அளவுக்குப் பொய்யில்லாமல் சொன்னால் போதும்.

வீட்டுப் பராமரிப்பில் உயிருக்கே ஆபத்தான தவறு காய்ச்சலை அலட்சியப்படுத்துவது. கீமோ போட்ட பிறகு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இருமலில் அதிக இரத்தம், திடீர் மூச்சுத்திணறல், முகமும் கழுத்தும் வீங்குதல், கால்கள் வலுவிழத்தல் ஆகியவையும் அப்படியே. உறவினர் கொண்டுவந்த லேகியத்தையோ பொடியையோ மருத்துவருக்குத் தெரியாமல் சேர்த்துக் கொடுப்பது கல்லீரலைக் கெடுக்கலாம். சொல்லிவிட்டால் அவர் பார்த்துச் சொல்வார். உணவில் பத்தியம் என்று முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் நிறுத்தி, ஏற்கெனவே மெலிந்தவரை மேலும் மெலியவிடாதீர்கள்.

வலி நிவாரணம் தரும் பாலியேட்டிவ் சிகிச்சையைக் கடைசி நாள்களுக்கு என்று ஒதுக்கிவைப்பதும் தவறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வொன்றில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே இதைச் சேர்த்துக் கொடுத்தபோது வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. அவர்கள் சராசரியாகச் சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள். மார்ஃபின் என்றதும் அடிமையாகிவிடுவார் என்று பயந்து வலியோடு விடுகிறோம். மருத்துவர் சொல்லும் அளவில் கொடுத்தால் அந்தப் பயம் தேவையில்லை. மூச்சுத்திணறலின் தவிப்பையும் அது தணிக்கும்.

ஐ.சி.யு., வென்டிலேட்டர் ஆகியவை வேண்டுமா, வீட்டிலேயே இருக்க விரும்புகிறாரா என்பதை அவர் தெளிவாகப் பேச முடிகிற காலத்திலேயே கேட்டுவிட வேண்டும். இல்லையேல் கடைசி வாரத்தில் பதறிப்போன பிள்ளைகள் அவர் விரும்பியிராத சிகிச்சைக்கு மிஞ்சியிருக்கும் பணத்தையும் கட்டுகிறார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பதென்று முடிவானால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பாலியேட்டிவ் பராமரிப்பு தரும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரை முன்கூட்டியே பதிந்துவையுங்கள்.